சிறுத்தையும் காட்டெருமையும்

மலையடிவாரத் தினைக்காட்டின் ஓரத்தில், ஒரு காரைப் புதரின் வேருக்கடியில், நொய்யன் என்ற வெள்ளெலியும் அதன் பெண்டாட்டி தவிட்டியும் வளை தோண்டிக் குடியிருந்தன. நல்ல வளை. மேற்கே ஒரு வாசல், கிழக்கே ஒரு வாசல். பாம்பு ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் ஓடித் தப்ப வேண்டும் என்பதற்காக வெள்ளெலிகள் எப்போதும் இப்படித்தான் தோண்டும். இரண்டு வாசலுக்கும் நடுவில், வளைந்து வளைந்து போகும் பாதையில், ஒரு குழி. அதுதான் களஞ்சியம். அறுவடையில் சிந்திய தினையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்து அங்கே கொட்டி வைக்கும்.

அந்த வருஷம் தினை நன்றாக விளைந்திருந்தது. களஞ்சியம் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. தவிட்டியின் வயிற்றில் குட்டிகள் இருந்தன. மழை தொடங்கும் சமயத்தில் பிறக்கும். மழை தொடங்கிவிட்டால் காடெல்லாம் தண்ணீர் நிற்கும். சிந்திக் கிடக்கும் மணியெல்லாம் முளைத்துவிடும், இல்லையென்றால் அழுகிவிடும். அதற்குள் சேர்த்து வைத்ததுதான் மழைக்காலத்துச் சோறு. தவிட்டிக்குச் சோறு இருந்தால் குட்டிகளுக்குப் பால் இருக்கும். விஷயம் அவ்வளவுதான்.

மணிகளில் செந்தினை கிடைத்தால் தவிட்டி அதை மட்டும் தனியாகப் பொறுக்கி, ஒரு சருகில் சுற்றித் தன் படுக்கைக்கு அடியில் வைத்தது. "இது பெத்தெடுத்த அன்னிக்கு நான் சாப்பிட. நீங்க கை வைக்கக் கூடாது" என்றது.

"நான் ஏன் கை வைக்கப் போறேன்?" என்றது நொய்யன். அப்போது அது உண்மையாகத்தான் சொன்னது.

இந்த நேரம் பார்த்துத்தான் காட்டுக்குச் சிலந்தி வந்து சேர்ந்தது. ஒரு பழைய இலுப்பை மரத்தின் பொந்தில் குடியேறி, அங்கிருந்து ஒவ்வொரு வளைக்கும், ஒவ்வொரு பொந்துக்கும், ஒவ்வொரு புதருக்கும் ஓர் இழை ஓட்டியது. வாசல் கண்ட இடமெல்லாம் ஓர் இழை.

"மத்தியான வெயில்ல எல்லாரும் உள்ளேயே முடங்கிக் கெடக்கீங்க. பொழுது போக வேண்டாமா? சும்மா ஒரு விளையாட்டு. ஒரு தினை வச்சா போதும்" என்று வீடு வீடாகச் சொல்லிப் போனது.

ஆட்டம் இதுதான். முதலில் ஆளுக்கு ஒரு தினை வைக்க வேண்டும். சிலந்தி அனுப்பும் எறும்பு இழை மேல் நடந்து வந்து, மடித்த இலை ஒன்றைக் கொடுக்கும். உள்ளே இரண்டு கொட்டைகள் இருக்கும். வேப்பங்கொட்டை மட்டம். புங்கங்கொட்டை பரவாயில்லை. புளியங்கொட்டை நல்லது. குன்றிமணி எல்லாவற்றுக்கும் மேல். இரண்டும் ஒரே கொட்டையாக ஜோடி சேர்ந்துவிட்டால் அதற்கு மதிப்பு இன்னும் அதிகம். வந்தது பிடித்திருந்தால் இழையை இழுத்து மேலும் தினை வைக்கலாம். பிடிக்காவிட்டால் இலையைக் கவிழ்த்துவிட்டு, வைத்ததை விட்டுவிட வேண்டும். கடைசிவரை நின்றவர்கள் இலையைத் திறந்து காட்டினால், பெரிய கொட்டைக்காரருக்குக் குவியல் முழுவதும். முழுவதும் என்றால் முழுவதும் இல்லை. ஒவ்வொரு குவியலிலும் ஒரு கிள்ளு சிலந்திக்கு. அதற்குப் பேர் இழைக்கூலி. ஒரு கிள்ளுதானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வலையில் யாருடைய முகமும் யாருக்கும் தெரியாது. சொந்தப் பேரும் கிடையாது. பிடித்த பேர் ஒன்றை எறும்பிடம் சொன்னால் போதும். நொய்யன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"சிறுத்தை" என்றது.

எறும்பு அதன் மீசையையும் வாலையும் ஒருமுறை பார்த்தது. "சரிங்க சிறுத்தை" என்று சொல்லிவிட்டுப் போனது.

சிறுத்தை முதல் நாளே ஒரு கன்னம் தினையைத் தோற்றது. மறுநாள் இரண்டு கன்னம். எந்த இலை வந்தாலும் இழுத்தது. வேப்பங்கொட்டையை வைத்துக்கொண்டு குன்றிமணி வைத்திருப்பது போல வீறாப்பாக இழுத்தது. யாரும் பயப்படவில்லை. சின்னப் பந்தயத்தில் யார்தான் பயப்படுவார்கள்?

களஞ்சியத்தில் பள்ளம் விழுந்ததைத் தவிட்டி கண்டுபிடித்துவிட்டது. அழுதது, திட்டியது, இரண்டு வேளை பேசாமல் இருந்தது. கடைசியில் நொய்யன் தன் வாலைத் தொட்டுச் சத்தியம் செய்தது.

"இனிமே அந்த இழையைத் தொட மாட்டேன் தவிட்டி. வெயிலா இருந்தாலும் காட்டுக்குப் போய்ப் பொறுக்கிட்டு வரேன். போனதைச் சேத்துடறேன்."

"போனது போகட்டும். இருக்கறதைக் காப்பாத்துங்க" என்றது தவிட்டி.

நொய்யன் மறுநாள் மத்தியானம் உண்மையாகவே காட்டுக்குத்தான் கிளம்பியது. வழியில் ஒரு பாறை. பாறை மேல் ஓர் ஓணான். அது வலையில் ஆடுவதில்லை. ஆனால் எப்படி ஆட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும். ஒரு பாடத்துக்கு ஒரு கன்னம் தினை.

"தோத்துட்டு வர்றியா தம்பி?" என்று தலையாட்டியபடி கேட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. புதுசா ஆடறவன் எல்லாம் ஒரே மாதிரிதான் தோக்கறான். எந்த எலை வந்தாலும் ஆடணும்னு பறக்கறான். பத்து எலை வந்தா எட்டைக் கவுத்துடு."

"எட்டையுமா? அப்புறம் எதுக்கு அங்க உக்காந்திருக்கணும்?"

"மீதி ரெண்டுக்காக."

நொய்யன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. ஓணான் ஒவ்வொன்றாகச் சொன்னது. ஒரு தினை ஆட்டத்தில் மிரட்டிப் பார்ப்பது வீண், எவனும் ஓட மாட்டான். மற்றவர்கள் இழுக்கும்வரை பொறுத்திருந்து கடைசியில் இழுப்பவனுக்குத்தான் நிலவரம் தெரியும். நல்ல ஜோடி வந்தால் ஒரேயடியாக இழுத்துப் பயமுறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எதிராளியைக் கூடவே கூட்டிப் போக வேண்டும். களஞ்சியத்தையே வாசலுக்குத் தூக்கி வரக் கூடாது. கோபம் வந்தால் எழுந்துவிட வேண்டும்.

"முக்கியமான ஒண்ணு இருக்கு" என்று ஓணான் குரலைத் தாழ்த்தியது. "எந்த வலையா இருந்தாலும், கவுக்கவே தெரியாத ஏமாளி ஒருத்தன் இருப்பான். என்ன எலை வந்தாலும் இழுத்துட்டே இருப்பான். அவன் யாருன்னு கண்டுபிடி. அப்புறம் அவனை விடாதே. உன் சாப்பாடு அவன்கிட்டதான் இருக்கு."

"இவ்ளோ தெரிஞ்சும் நீங்க ஏன் அண்ணே ஆடறதில்ல?"

"சொல்லிக் குடுத்தே வயிறு நெறையுதே."

ஓணான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. வயிறெரிய வைப்பதே அதுதான். பொய் சொல்லியிருந்தால் நொய்யன் மறுபடி தோற்று, சலித்துப்போய் எழுந்திருக்கும். சொன்னதெல்லாம் சரியாக இருந்ததால்தான் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து தினமும் வெயில் ஏறியதும், "காட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று தவிட்டியிடம் சொல்லிவிட்டு நொய்யன் மேற்கு வாசலுக்குப் போய்விடும். அங்கே மண்ணைக் குடைந்து மறைவாக ஒரு சின்னக் குவியல் வைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு இழையருகே உட்காரும். எட்டு இலையைக் கவிழ்க்கும். இரண்டு இலையை ஆடும். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. கட்டிய பெண்டாட்டி கூப்பிட்டால் ஒரு நொடி பொறுக்காத நொய்யன், ஒரு குன்றிமணிக்காக மத்தியானம் முழுவதும் பொறுத்திருந்தது.

அந்த ஏமாளியையும் கண்டுபிடித்துவிட்டது. அதன் பேர் காட்டெருமை.

"காட்டெருமை இழுத்தாச்சு" என்று எறும்பு வந்து சொல்லும். எந்த இலையாக இருந்தாலும் சொல்லும். மற்றவர்கள் கவிழ்த்த பிறகும் காட்டெருமை இழுக்கும். நொய்யன் குன்றிமணி ஜோடியோடு கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க, அது ஒற்றைப் புங்கங்கொட்டையை நம்பிக் கடைசிவரை கூடவே வரும். சில நாள் அதிர்ஷ்டத்தில் ஒரு குவியலை அள்ளிவிடும். அடுத்த ஆட்டத்திலேயே அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

நொய்யன் அதை மனசுக்குள் படம் வரைந்து பார்க்கும். பெரிய உடம்பு, சின்ன மூளை. மலை மேல் எங்கோ ஒரு குகை நிறையத் தினையை வைத்துக்கொண்டு, எவ்வளவு போனாலும் கவலைப்படாத கொழுத்த பிராணி. இப்படி நினைத்துக்கொண்டால் அதன் தினையைப் பிடுங்குவதில் பாவம் எதுவும் தெரியவில்லை.

ஜெயித்த தினையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் புழுதியைப் பூசிக்கொண்டு, காட்டிலிருந்து திரும்பியது போல நொய்யன் உள்ளே வரும். களஞ்சியத்தில் கொட்டும்.

"இவ்ளோவா?" என்று தவிட்டி அதன் முதுகுப் புழுதியைத் தட்டிவிடும். "வெயில்ல ரொம்ப அலையாதீங்க."

அப்போது நொய்யனுக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனால் கொண்டு வந்த தினை கண்ணெதிரே கிடக்கிறதே, பொய் சொன்னால் என்ன என்று சமாதானம் செய்துகொள்ளும்.

வெயில் காலம் போகப் போக வலையில் ஆட்கள் குறைந்தார்கள். முயல் எல்லாவற்றையும் தோற்றுவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டது. கீரி கோபத்தில் தன் இழையை அறுத்துப் போட்டது. காட்டுக்கோழிக்கு அடைகாக்கும் வேலை வந்துவிட்டது. கடைசியில் சில நாட்களாக எறும்பின் வாயில் இரண்டு பேர்கள்தான் வந்தன. சிறுத்தை. காட்டெருமை.

நொய்யனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோரும் போய்விட்டார்கள், ஏமாளி மட்டும் மிச்சம். ஓணானிடம் போய்ச் சொன்னபோது அதுவும் தலையாட்டியது.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் நொய்யனுக்குப் புரியவில்லை. தினமும் ஜெயிக்கிறது, தினமும் கொண்டுவந்து கொட்டுகிறது, ஆனாலும் களஞ்சியம் ஏறவில்லை. ஏறாவிட்டாலும் பரவாயில்லை, இறங்கிக்கொண்டே போனது. முதலில் அந்துப்பூச்சி என்று நினைத்தது. கிளறிப் பார்த்தது, ஒரு பூச்சிகூட இல்லை. அப்புறம் தவிட்டியின் வயிற்றைப் பார்த்தது.

ஒரு நாள் கேட்டேவிட்டது.

"தவிட்டி, மழைக்குன்னு வச்சதை இப்பவே தின்னு தீக்கறியா?"

தவிட்டி தலையைக் குனிந்துகொண்டது.

"ஆமாங்க. பசி தாங்கல. உள்ள இருக்கறதுங்க கேக்குது."

"அதுக்காக இப்படியா? நான் ஒருத்தன் எவ்ளோதான் கொண்டாந்து கொட்டறது?"

"இனிமே பாத்துச் சாப்பிடறேங்க."

நொய்யனுக்கு ஆத்திரம் தணிந்தது. பெருந்தன்மையாக மன்னித்தது. தவிட்டிக்கு வயிறு மட்டும் பெருத்து முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்ததை அது பார்க்காமல் இல்லை. தின்று தீர்க்கிறவளுக்கு உடம்பு ஏன் இப்படி இளைக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. பிள்ளைத்தாய்ச்சி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டது. அதன் மனசு முழுக்கக் காட்டெருமையிடம் இருந்தது.

வெளியே காட்டில் சிந்திக் கிடந்த தினையைக் காடைகளும் குருவிகளும் ஒரு மணி விடாமல் பொறுக்கிக்கொண்டு போயின. மேகம் மலை மேல் வந்து உட்கார ஆரம்பித்தது. மழைக்கு முன்னால் காட்டெருமையை ஒட்டத் துடைத்துவிட்டு ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று நொய்யன் தீர்மானித்தது.

அந்த நாள் வந்தது. காலையிலிருந்தே ஈரக்காற்று அடித்தது. எறும்பு இலையைக் கொண்டுவந்து வைத்தது. நொய்யன் மெதுவாக விரித்துப் பார்த்தது. இரண்டு குன்றிமணி.

ஓணான் சொன்னபடியே நடந்துகொண்டது. அவசரப்படவில்லை. முதலில் கொஞ்சமாக இழுத்தது.

"காட்டெருமை இழுத்தாச்சு" என்றது எறும்பு.

இன்னும் கொஞ்சம் இழுத்தது.

"காட்டெருமை இழுத்தாச்சு. மேலயும் வச்சிருக்கு."

நொய்யனின் மீசை துடித்தது. இதுவரை எதிராளி வைத்த அளவுக்கு மேல் காட்டெருமை தானாக வைத்ததே இல்லை. அதற்கும் ஒரு ஜோடி வந்திருக்க வேண்டும். வரட்டும். குன்றிமணி ஜோடிக்கு மேல் எந்த ஜோடியும் கிடையாது. நொய்யன் மேற்கு வாசலில் இருந்த தன் குவியல் முழுவதையும் தள்ளி வைத்தது.

எறும்பு போனது. வர வெகுநேரம் பிடித்தது. இழை மட்டும் காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"காட்டெருமை இழுத்தாச்சு. அதுகிட்ட இருந்த எல்லாத்தையும் வச்சிடுச்சு" என்றது எறும்பு.

இலைகள் திறந்தன. சிறுத்தைக்குக் குன்றிமணி ஜோடி. காட்டெருமைக்கு வேப்பங்கொட்டை ஜோடி. எறும்புகள் வரிசையாக வந்து, இழைக்கூலி போக மிச்சத்தை நொய்யனின் காலடியில் கொட்டின. ஒரு கன்னம் நிறையத் தேறியது. அதற்கு மேல் இல்லை. குகை நிறைய வைத்திருந்த காட்டெருமையிடம் கடைசியில் இவ்வளவுதானா என்று நொய்யனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆனாலும் ஜெயித்தாயிற்று. தினையைக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு களஞ்சியத்துக்கு ஓடியது.

களஞ்சியம் துடைத்து வைத்தது போல இருந்தது. அடிமண் தெரிந்தது.

நொய்யனுக்குக் கண் இருட்டியது. தின்றே தீர்த்துவிட்டாள் பாவி. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும் என்று கிழக்கு வாசலுக்குப் பாய்ந்தது. ஈரமண் சரிந்து விழ விழ, வளைவுகளில் இடித்துக்கொண்டு ஓடியது.

கிழக்கு வாசலில் தவிட்டி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஓர் இலை விரிந்து கிடந்தது. இலையில் இரண்டு வேப்பங்கொட்டைகள். வாசலில் தொங்கிய இழையை அதன் கை இன்னும் பிடித்திருந்தது. இழை மேல் ஓர் எறும்பு நின்றுகொண்டு கேட்டது.

"காட்டெருமை, அடுத்த ஆட்டத்துக்கு ஒரு தினை வைக்கறீங்களா, இல்ல எந்திரிக்கறீங்களா?"

நொய்யனால் வாயைத் திறக்க முடியவில்லை. கன்னம் முழுக்கத் தினை. திறந்தபோது பேச்சு வரவில்லை, தினைதான் கொட்டியது. சாதாரணத் தினையோடு சிவப்புச் சிவப்பாகச் செந்தினையும் கொட்டியது.

தவிட்டி திரும்பியது. தரையில் கிடந்த செந்தினையைப் பார்த்தது. படுக்கைக்கு அடியில் சருகில் சுற்றி வைத்திருந்ததைச் சற்று முன்னால்தான் எடுத்து எறும்பிடம் கொடுத்திருந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கி நொய்யனைப் பார்த்தது.

"சிறுத்தைன்னா... நீங்களா?"

நொய்யன் தலையாட்டியது.

"நிறுத்திட்டேன்னு வாலைத் தொட்டுச் சத்தியம் பண்ணீங்களே" என்றது தவிட்டி. குரலில் கோபம்கூட இல்லை.

"வேண்டாம்னு அழுதவ நீதானே."

"நீங்க சத்தியம் பண்ணின மறுநாளே சிலந்தியக்கா இந்த வாசலுக்கு வந்துச்சு. போனதை எடுத்துட்டு எந்திரிச்சுடலாம் தங்கச்சின்னு சொல்லிச்சு. நீங்க தோத்ததை மட்டும் எடுத்துடலாம்னு உக்காந்தேன். நீங்க வெயில்ல அலைஞ்சு கொண்டாந்து கொட்டறீங்க. நான் தோத்துத் தோத்து... அதை எப்படி உங்ககிட்ட சொல்லுவேன்? தின்னுட்டேன்னு சொன்னேன்."

"அப்போ நீ தின்னது?"

"உமி."

நொய்யன் தலையில் அடித்துக்கொண்டது. அப்போதும் அதன் வாயில் வந்தது ஓணானின் பாடம்தான்.

"கவுத்திருக்கலாமே தவிட்டி. ஒரு தடவையாச்சும் கவுத்திருக்கலாமே."

"கவுத்தா வச்சது போயிடுமே. அது குட்டிங்க சோறாச்சே. அதை எப்படி விட்டுட்டு எந்திரிப்பேன்?"

கீழே கொட்டிய தினையைப் பார்த்தபடி நொய்யன் தனக்குத்தானே பேசுவது போலக் கேட்டது.

"நான் ஜெயிச்சதெல்லாம் உன்னோடது. நீ தோத்ததெல்லாம் என்கிட்டதான் வந்துச்சு. எல்லாம் இந்த வளைக்குள்ளதானே இருக்கணும்? எங்க போச்சு?"

வாசலில் கடைசி ஆட்டத்தின் இழைக்கூலியைச் சுமந்துகொண்டு எறும்புகள் இழை மேல் ஏறிக்கொண்டிருந்தன. இரண்டும் அதைப் பார்த்தன. ஒரு கிள்ளு. வெயில் காலம் முழுக்க ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கிள்ளு. ஒரே தினை மேற்கு வாசலுக்கும் கிழக்கு வாசலுக்கும் போய் வந்து போய் வந்து, ஒவ்வொரு தடவையும் கிள்ளுக் கிள்ளாகத் தேய்ந்து போயிருந்தது.

நொய்யன் இலுப்பை மரத்துக்கு ஓடியது. பொந்தின் அடியில் தினை குன்று போலக் குவிந்து கிடந்தது. மேலே சிலந்தி காலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அக்கா, ஒரே வளைன்னு தெரிஞ்சேதானே ரெண்டு இழை போட்டீங்க?"

"வாசல் ரெண்டு இருந்துச்சு, தம்பி. வாசலுக்கு ஒரு இழை. அது என் தொழில். இழுக்கச் சொல்லி நான் யார் கையையும் புடிக்கலையே."

"பெண்டாட்டிக்கு இன்னிக்கோ நாளைக்கோ குட்டி பொறந்துடும். வீட்டுல மணி இல்ல. கொஞ்சம் திருப்பிக் குடுங்க அக்கா. காலுல வேணா விழறேன்."

"காலுல எல்லாம் எதுக்கு விழற? அள்ளிட்டுப் போ. எனக்கு எதுக்குத் தினை? நான் தினை திங்கறதில்ல. அதைத் திங்க வர்ற பூச்சியைத்தான் திங்கறேன்."

நொய்யன் பாய்ந்து இரண்டு கையாலும் குவியலைத் தோண்டியது. மேலே தினை போலத் தெரிந்தது. உள்ளே எல்லாம் மாவு. அந்துப்பூச்சி குடைந்து, புழு நெளிந்து, நூல் கட்டிப்போன சக்கை. அடி வரைக்கும் தோண்டியது. ஊதினால் பறக்கும் தோல்தான் கையில் வந்தது. தலைக்கு மேல் பூச்சிகள் கிளம்பிப் பறந்து வலையில் விழுந்தன. சிலந்தி அவசரமில்லாமல் இறங்கிப் போனது. அதற்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான், யார் தோற்றாலும் ஒன்றுதான். ஆட்டம் நடந்தால் போதும்.

திரும்பி வரும்போதே மழை பிடித்துக்கொண்டது.

குட்டிகள் அன்றே பிறந்தன. கண் திறக்காத, ரோமம் இல்லாத, செக்கச்செவேலென்ற குட்டிகள். இருந்த ஒரு கன்னம் தினையைத் தவிட்டிக்கே கொடுத்தது நொய்யன். தான் தொடவில்லை. அது தீரும்வரை பால் வந்தது. தீர்ந்ததும் நின்றுவிட்டது.

நொய்யன் கொட்டுகிற மழையில் காட்டுக்குப் போனது. இப்போது உண்மையாகவே போனது. காடு முழுக்கத் தண்ணீர். காடைகள் விட்டுப்போன ஒன்றிரண்டு மணிகளும் பச்சைப் பசேலென்று முளைத்து நின்றன. முளையைக் கடித்து எடுத்துப் போனது. தவிட்டி அதைத் தின்றது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி போனது. மறுபடி வெறுங்கையோடு வந்தது. வெயில் காலம் முழுக்க உட்கார்ந்தே கழித்த காலும் சீக்கிரம் சோர்ந்துபோனது.

குட்டிகள் முதலில் கத்திக்கொண்டிருந்தன. பிறகு முனகின. சின்னக் குட்டிதான் முதலில் அசைவற்றுப் போனது. தவிட்டி அதை நக்கிக்கொண்டே இருந்தது. நொய்யன் எடுக்கப் போனபோது கொடுக்கவில்லை. மற்றவையும் ஒவ்வொன்றாக அடங்கின. மழை நிற்கவே இல்லை.

எல்லாம் அடங்கிய பிறகு, குளிர்ந்துபோன குட்டிகளைச் சுற்றிச் சுருண்டு படுத்தபடி, தவிட்டி கூரையைப் பார்த்துச் சொன்னது.

"ரெண்டும் வேப்பங்கொட்டை. ஜோடியாத்தானே வந்துச்சு. எதிர்ல வேற யாராச்சும் இருந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேங்க."

நொய்யன் அதைக் கண்டிக்கவில்லை. கண்டிக்க அதற்கு யோக்கியதையும் இல்லை. குட்டிகள் செத்துக் கிடந்த அந்த நேரத்திலும் அதன் மனசுக்குள் குன்றிமணி ஜோடியை எப்படி இழுத்தோம் என்ற கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது தெரிந்து, தன்னை நினைத்தே அதற்கு அருவருப்பாக இருந்தது. அருவருப்பாக இருந்தும் அந்த நினைப்பு நிற்கவில்லை.

பந்தயம் சிறியது, ஆடும் வழி எனக்குத் தெரியும் என்று நம்பிச் சூதில் உட்காருகிறவர், எதிரே யாரை ஜெயித்தாலும் கடைசியில் தன் வீட்டுச் சோற்றைத்தான் தோற்கிறார்.